இருபத்தேழாவது அடியும் வெந்நீர்க் குழாயும்

1. குழாய்

குழாயிலை இருந்துதான் தொடங்கோணும். கராத்தே படிப்பிக்கப் போற ஆக்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தாங்கோ எண்டு கிளப்பிலை கேட்டவை. நான் சமுராய், மன அடக்கம் எண்டு ஏதும் எழுதுவன் எண்டு அவைக்கு நினைப்பு. அதுகளை எழுத வேற ஆக்கள் இருக்கினம். எனக்குத் தெரிஞ்சது ஒரு குழாய்.

என்ர பேர் அன்ரன். ஊர் தீவுப்பக்கம். ஒஸ்லோவிலை ரீ-பானெ எண்ட நகர ரயில் போய் முடியிற வெஸ்ட்லியிலை, ஒரு மாடிக்குடியிருப்புக்கு இருபத்தாறு வருசம் வக்த்மெஸ்தராய் இருந்து போன வருசம்தான் ஓய்வெடுத்தனான். வக்த்மெஸ்தர் எண்டா பல்ப் மாத்திறதிலை இருந்து பனி அள்ளுறது வரைக்கும் எல்லாம் அவன்ர தலையிலைதான். அதோடை கிழமையிலை ரெண்டு பின்னேரம் கராத்தே படிப்பிச்சனான், அதை இன்னும் விடேல்லை. அதுக்குச் சம்பளம் இல்லை. ஆனால் வாழ்க்கையிலை எனக்கு வந்த ஆகப் பெரிய மானக்கேடு அந்தச் சம்பளம் இல்லாத வேலையாலைதான் வந்தது.

வகுப்பு நடந்தது கட்டடத்துக்குக் கீழை, குண்டு போட்டால் சனம் ஓடி ஒளிக்கிறதுக்கெண்டு கட்டின அறையிலை. அதின்ர நோர்வேஜியன் பேர் வாய்க்குள்ளை நுழையாது, எங்கட ஆக்கள் பங்கர் எண்டுதான் சொல்லுறது. "பங்கருக்கை இருந்து தப்பி வந்த மனிசன், திறப்பு வாங்கிப் பங்கருக்கை போறார்" எண்டு என்ர மனிசி நவமணி முதல் நாளே சொன்னவ.

பங்கர் நல்ல இடம். வாடகை இல்லை. கத்தினாலும் வெளியிலை கேக்காது. திறப்பு என்ர இடுப்பிலை. ஒரே குறை, கூரை பதிவு. அதுக்கும் கீழாலை, அறையின்ர குறுக்காலை, வெந்நீர் போற இரும்புக் குழாய் ஒண்டு ஓடினது. நிலத்திலை இருந்து அளந்தால் ஒரு மீட்டர் எண்பது. நான் ஒரு மீட்டர் அறுபத்திரண்டு. எனக்கு அந்தக் குழாய் மேலாலை போற பிளேன் மாதிரி, இருக்கெண்டு தெரியும், அவ்வளவுதான்.

முதல் நாள் நாலு பேர் வந்தவை. அதிலை ஒருத்தர் ஸ்டைன், பஸ் ஓட்டுறவர், உயரம் ரெண்டு மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. அவருக்கு நான் கத்தா பழக்கினன். கத்தா எண்டா எதிரி இல்லாமல் காத்தோடை பிடிக்கிற சண்டை, அடியும் தடையும் வரிசை பிசகாமல் வரோணும். எங்கட பாணியின்ர பெரிய கத்தாவிலை இருபத்தேழாவது அடியிலை, பதிஞ்சு நிண்ட ஆள் குதிக்காலைத் தூக்கி விறுக்கெண்டு எழும்பி முன்னுக்கு வரோணும். பங்கர் ஒடுக்கம், ஒரு வரிசைதான் பிடிக்கும். அதாலை இருபத்தேழாவது அடியிலை வரிசையிலை நிக்கிற எல்லாற்றை தலையும் நேரே குழாய்க்குக் கீழை வரும்.

ஸ்டைன் எழும்பினார். டங் எண்டு ஒரு சத்தம். மூண்டாம் மாடியிலை இருக்கிற மனிசி ஒண்டு, ஹீற்றர் பழுதாப் போச்சோ எண்டு உடனை எனக்கு ரெலிபோன் எடுத்தது.

"ஒண்டுமில்லை, என்ர வீட்டுக் கதவும் இப்பிடித்தான்" எண்டார் ஸ்டைன். கண்ணிலை தண்ணி நிண்டது.

அடுத்த வகுப்பிலை "இருபத்தேழிலை எழும்பேக்கை தலையைக் குனியுங்கோ" எண்டு சொல்லி, எப்பிடிக் குனியிறதெண்டு நானே செய்து காட்டினன். நான் சொன்னது ஸ்டைனுக்கு. ஆனால் கராத்தேயிலை சென்செய், அதாவது வாத்தியார், குனிஞ்சால் எல்லாரும் குனிவினம். ஏனெண்டு கேக்கிறேல்லை, "ஓஸ்" எண்டு சொல்லிப்போட்டுச் செய்யிறது. ஆறு மாதத்திலை, குழாய்க்கு அரை ஆள் கீழை நிக்கிற ஏழு வயதுப் பிள்ளையளும் வலு கவனமாய்க் குனிஞ்சுதுகள். தமிழ்த் தாய்தேப்பன்மாரும் ஒண்டும் கேக்கேல்லை. பங்கருக்கை குனியிறது எங்கட ஆக்களுக்குப் புதுசில்லைத்தானே.

குழாயை உயத்தியிருக்கலாமே எண்டு கேப்பியள். சென்செய் எண்ட முறையிலை குடியிருப்பு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினன். நிர்வாகம் அதை வக்த்மெஸ்தரின்ர அபிப்பிராயத்துக்கு அனுப்பினது. அந்தக் கிழமை பனி கொட்டோ கொட்டெண்டு கொட்டி, வக்த்மெஸ்தர் விசரிலை இருந்தவர். "குழாயாலை ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லை" எண்டு எழுதிக் கையெழுத்தும் வைச்சு அனுப்பிப்போட்டார். பிறகு குழாயிலை பழைய மெத்தைப் பஞ்சைச் சுத்தி ரேப் ஒட்டிவிட்டன். அதுவும் ரெண்டு வருசத்திலை உரிஞ்சு விழுந்திட்டுது. அதுக்குள்ளை எல்லாரும் வடிவாய்க் குனியப் பழகினபடியால் திருப்பிச் சுத்தேல்லை.

2. ராண்டி கேட்ட கேள்வி

மூண்டாம் வருசம் ராண்டி எண்டொரு நோர்வேஜியன் பெண் சேர்ந்தவ. நூலகத்திலை வேலை. எல்லாத்துக்கும் அவவுக்குக் காரணம் வேணும். ஒருநாள் வகுப்பு நடுவிலை, பிள்ளையளின்ர தாய்தேப்பன்மார் சுவரோடை வரிசையாய் இருக்கேக்கை, "இதிலை ஏன் குனியிறம்?" எண்டு கேட்டா.

குழாய் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் கதை அண்டைக்கே முடிஞ்சிருக்கும். ஆனால் வெந்நீர்க் குழாயைப் பற்றி விளக்கம் குடுக்கிறது வக்த்மெஸ்தரின்ர வேலை. வெள்ளை உடுப்பும் கறுப்புப் பட்டியும் கட்டிக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு மரியாதைக் குறைவாய்ப் பட்டது. வாயிலை வந்ததைச் சொன்னன்.

"எதிரி நீளத் தடியாலை தலைக்கு வீசுறான். அதுக்குத் தப்பத்தான்."

ராண்டி ஒருக்கா மேலை பாத்தா. பேந்து என்னைப் பாத்தா. "ஓஸ்" எண்டா.

அதுக்குப் பிறகு அந்தத் தடி வளந்துகொண்டே போச்சுது. ஒரு வருசம் ஆறடித் தடி. அடுத்த வருசம் ஈட்டி. ஒருக்கா, குதிரையிலை வாறவன்ர வாள் எண்டும் சொல்லியிருக்கிறன். அண்டைக்குக் காய்ச்சல் எனக்கு.

3. வள்ளத்திலை நிண்ட ஆள்

எங்கட பாணி உண்டான வரலாற்றைப் பட்டிச் சோதினையிலை பாடமாய்ச் சொல்லோணும். சுருக்கம் இதுதான். ஜப்பானிலை ஒரு சின்னத் துறைமுக ஊர். அங்கை ஒக்கினாவாவிலை இருந்து வேலைக்கு வந்த ஒருத்தரிட்டை எங்கட ஸ்தாபகர் கைச்சண்டை படிச்சார். அதோடை தன்ர ஊர் மல்யுத்தத்தையும் கலந்தார். முதல் மூண்டு சீடர். அதிலை ஒருத்தர் தோக்கியோவுக்குப் போய்ப் பல்கலைக்கழகப் பெடியளுக்குப் படிப்பிச்சார். குத்தேக்கை பெருவிரல் எங்கை இருக்கோணும் எண்ட வாக்குவாதத்திலை பாணி ரெண்டாய் உடைஞ்சு, கனகாலம் ஆளையாள் முகம் பாக்காமல் திரிஞ்சு, பிறகு இப்ப இருக்கிற தலைவர் ரெண்டையும் ஒட்டவைச்சார். ஒஸ்லோவிலை ஒரு தமிழ்ச் சங்கம் மூண்டாய் உடைஞ்சதை நேரே நிண்டு பாத்த எனக்கு, பெருவிரலுக்காகப் பிரிஞ்சது ஞாயமான காரணமாய்த்தான் பட்டது.

எங்கட பாணியின்ர முத்திரை நண்டு நடை. காலை ஒடுக்கி வைச்சு, பக்கவாட்டிலை நகருறது. வேற பாணியிலை இது இல்லை. தலைமையகம் அடிச்ச புத்தகத்திலை, ஸ்தாபகர் ஆடுற வள்ளத்திலை நிண்டு சண்டை பிடிக்கிறதுக்காக இதைக் கண்டுபிடிச்சார் எண்டு எழுதிக் கிடக்கு.

நான் தீவான். நடக்கப் பழகினதே வள்ளத்திலை எண்டு சொல்லலாம். வள்ளம் ஆடேக்கை காலை அகட்டி, முழங்காலை மடிச்சு நிக்கோணும். காலை ஒடுக்கிக்கொண்டு பக்கவாட்டிலை போனால் நேரே கடலுக்குள்ளைதான். முதல்தரம் வாசிக்கேக்கையே இது சும்மா புளுகு எண்டு எனக்கு விளங்கினது. ஆனால் ஜப்பான்காரருக்குத் தெரியாததோ எண்டு வாயை மூடிக்கொண்டு இருந்தனான். இருந்தது மட்டுமில்லை, கேட்ட ஆக்கள் எல்லாருக்கும் வள்ளம் எண்டே பாடமாக்கிக் குடுத்தனான்.

4. கார்த்திக்கின்ர முப்பத்தொராவது ஸ்லைட்

கார்த்திக் கோயம்புத்தூர் ஆள். சொஃப்ட்வேர் வேலைக்கு வந்து ட்வெய்ட்டாவிலை இருந்தவர். என்னைச் சார் எண்டு கூப்பிட்டார். சென்செய் எண்டு கூப்பிடுங்கோ எண்டு சொன்னன். அண்டையிலை இருந்து சென்செய் சார். நல்ல மனிசன், உழைப்பாளி, ஆனால் எதைக் கண்டாலும் ஸ்லைட் போடுற வருத்தம் ஒண்டு அவருக்கு இருந்தது. கிளப்பின்ர செயலாளராய்ப் போட்டவுடனை பாணியின்ர வரலாற்றை நாப்பத்திரண்டு ஸ்லைட்டாய்ச் செய்துகொண்டு வந்தார்.

"சென்செய் சார், இருக்கிற எல்லா நாட்டு வீடியோவும் பாத்துட்டேன். இருபத்தேழாவது ஸ்டெப்புல யாருமே குனியல. நாம மட்டும்தான் குனியிறோம். அப்ப என்ன அர்த்தம்?"

பிடிபட்டன் எண்டுதான் நினைச்சன். "என்ன அர்த்தம்?" எண்டன்.

"அவங்க எல்லாரும் தொலைச்சுட்டாங்க சார். ஒரிஜினல் நம்மகிட்டதான் இருக்கு."

முப்பத்தொராவது ஸ்லைட்டிலை அது பெரிய எழுத்திலை கிடந்தது. ஸ்தாபகரின்ர ஆதி அசைவு, தடியடிக்குத் தப்புறது, உலகத்திலை ஒஸ்லோ கிளையிலை மட்டும் காப்பாற்றப்பட்டது. அம்புக்குறி போட்ட படத்திலை நான் குனிஞ்சுகொண்டு நிக்கிறன். குழாயை வெட்டிப்போட்டுத்தான் படத்தைப் போட்டிருந்தார், வடிவில்லையாம்.

அப்ப எண்டாலும் சொல்லியிருக்கலாம். ரெண்டு மாதம் கஷ்டப்பட்டுச் செய்த மனிசன்ர முகத்தைப் பாத்தன். "இருக்கும்" எண்டன்.

மூண்டு கிழமையிலை கார்த்திக் மூச்சு வாங்க ஓடி வந்தார். ஸ்லைட்டை ஜப்பானுக்கு மெயிலிலை அனுப்பியிருக்கிறார். கைச்சோ, அதாவது முழு உலகத்துக்கும் எங்கட பாணியின்ர தலைவர், தானே பதில் போட்டிருக்கிறார். ரெண்டே வரி. அந்த அசைவை நேரிலை பாக்க வசந்தகாலத்திலை வாறன். ஒஸ்லோ கிளையின்ர அங்கீகாரத்தைப் புதுப்பிக்கிறதோ இல்லையோ எண்டதையும் அப்பவே பாப்பம்.

எனக்குப் பிறகு நித்திரை இல்லை. அங்கீகாரம் போனால் என்ர பேர் போறது இருக்கட்டும். நான் கையெழுத்து வைச்ச கறுப்புப் பட்டி பதினொண்டு. ஸ்டைன் நாலுதரம் தவறி, ஐம்பது வயசிலை எடுத்த பட்டி. ராண்டி எடுத்துக்கொண்டு போய், வடக்கை பூடோவிலை பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற பட்டி. அங்கீகாரம் இல்லாட்டி அந்தப் பதினொண்டும் காற்சட்டை விழாமல் கட்டிற துணி.

5. நிமிரப் பழக்கினது

உண்மையைச் சொல்லாமல் குனியிறதை மட்டும் நைசா ஒழிக்கலாம் எண்டு பாத்தன். "கைச்சோ வரேக்கை ஒருத்தரும் குனிய வேண்டாம், அது ரகசிய அசைவு" எண்டு வகுப்பிலை சொன்னன்.

"அதைப் பாக்கத்தானே சார் அவர் வர்றதே?" எண்டார் கார்த்திக்.

"கேட்டால் காட்டுவம். கேளாமல் காட்டுறது மரியாதையில்லை."

பங்கருக்கை குனியாமல் பழகேலாது, குழாய் இருக்கு. குழாயை உயத்தித் தாங்கோ எண்டு நிர்வாகத்துக்குத் திரும்ப எழுதினன். இடைஞ்சல் இல்லையெண்டு வக்த்மெஸ்தர் ஏற்கனவே உறுதிப்படுத்தியிருக்கிறார் எண்டு, என்ர கையெழுத்தின்ர பிரதியையும் வைச்சுப் பதில் அனுப்பிச்சினம். பிறகென்ன, பள்ளிக்கூட ஹோல் ஒண்டை எடுத்து, தலையிலை எழுதுற கொப்பியை வைச்சுக்கொண்டு கத்தா செய்யச் சொன்னன். குனிஞ்சால் கொப்பி விழும். முதல் கிழமை ஹோல் முழுக்கக் கொப்பி. ஸ்டைன் பஸ்ஸைக் கடைசித் தரிப்பிலை விட்டிட்டு, வெளியிலை நிண்டு தனியப் பழகினாராம். ஒரு மாதத்திலை எல்லாரும் தடி மாதிரி நிமிந்து எழும்பிச்சினம். எனக்குச் சரியான சந்தோசம். நான் மட்டும் கொப்பி வைச்சுப் பழகேல்லை. நான் சென்செய் எல்லோ.

6. ஸ்ட்ரோம்மனிலை

கைச்சோவுக்கெண்டு ஸ்ட்ரோம்மன் பக்கத்திலை பெரிய ஹோல் எடுத்தம். கூரை எட்டு மீட்டர் இருக்கும். கைச்சோ எழுபது தாண்டின மனிசன், ஆனால் நேரான முதுகு, என்னிலும் நல்ல உயரம். நேரே போய்க் கதிரையிலை இருந்தார். இருபத்துநாலு பேர் மூண்டு வரிசை. முன்னுக்கு நான், இலக்கம் சொல்லிக்கொண்டு நானும் செய்யிறன்.

இருபத்தாறு வரைக்கும் ஒரு பிழை இல்லை. இருபத்தேழிலை நான் குனிஞ்சன்.

ஏன் குனிஞ்சன் எண்டு இண்டைக்கும் தெரியாது. உடம்பு தன்ர பாட்டிலை குனிஞ்சிட்டுது. பின்னாலை என்ன நடந்ததெண்டு பிறகு வீடியோவிலைதான் பாத்தனான். இருபத்துநாலு பேரும் நேராய்த்தான் எழும்பினவை. சென்செய் குனிஞ்சதைக் கண்டிட்டு, பிழை தங்களிலையாக்கும் எண்டு, முதல் முன்வரிசை, பிறகு நடுவரிசை, பிறகு பின்வரிசை எண்டு குனிஞ்சுகொண்டு போச்சினம். ஸ்டைன் ஒருத்தர்தான் நிமிந்து நிண்டவர், குழாயிலை அடிபட்ட ஒரே மனிசன், இஞ்சை குழாய் இல்லையெண்டு அவருக்குத் தெரியும்.

கத்தா முடிய, "அது என்ன?" எண்டு கைச்சோ இங்கிலிசிலை கேட்டார்.

கார்த்திக் லப்டொப்போடை தயாராய் நிண்டவர். முப்பத்தொராவது ஸ்லைட்டைச் சுவரிலை விழுத்தி, தடி எந்தப் பக்கத்தாலை வருது, எந்தக் கோணத்திலை குனியோணும் எண்டு பத்து நிமிசம் விளங்கப்படுத்தினார். கைச்சோ கடைசி வரைக்கும் கேட்டார். பேந்து என்ர பக்கம் திரும்பினார்.

"இப்ப நீர் சொல்லும்."

ஓம் தடிதான் எண்டு சொன்னால் பதினொரு பட்டியும் தப்பும். சொல்ல வாயும் திறந்தன். ஆனால் கார்த்திக் பெருமையோடை என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டார். அந்த மனிசன் நான் சொன்ன பொய்யை ஜப்பான் வரைக்கும் சுமந்துகொண்டு போனவர் எண்டு நினைக்க, எனக்கே என்னைப் பிடிக்கேல்லை.

"பைப், கைச்சோ" எண்டன். "ஹொட் வோட்டர்."

பங்கர், குழாய், ஸ்டைன்ர மண்டை, கேட்ட ஆளுக்குத் தடியெண்டு சொன்ன பொய் எல்லாத்தையும் தெரிஞ்ச இங்கிலிசிலை சொன்னன். அடிபட்டது தான்தான் எண்டு ஸ்டைன் கையை உயத்திக் காட்டினார்.

"பைப்பா?" எண்டார் கார்த்திக். "சார், பிளம்பிங்கயா சார் நான் ஜப்பானுக்கு அனுப்பினேன்?"

கைச்சோ எழும்பினார். "அந்தக் குழாயைக் காட்டும்."

7. முருங்கைக்காய்ப் பைக்கற்

ஸ்டைன்ர காரிலை அவர், கைச்சோ, கார்த்திக், நான் எண்டு நாலு பேரும் வெஸ்ட்லிக்குப் போனம். பங்கருக்கை கைச்சோ குழாயை அண்ணாந்து பாத்தார், கையாலை தட்டிப் பாத்தார். பிறகு சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, முதலாவது அடியிலை இருந்து கத்தாவைத் தொடங்கினார். அப்பிடி ஒரு கத்தாவை நான் பாத்ததே இல்லை. நிப்பாட்டச் சொல்லிச் சொல்லோணும் எண்டு தெரியும். ஆனால் உலகத் தலைவர் கத்தா செய்யேக்கை ஆர் குறுக்கை கதைக்கிறது?

இருபத்தேழிலை குதிக்காலைத் தூக்கி எழும்பினார். டங்.

என்ர ரெலிபோன் அடிச்சுது. மூண்டாம் மாடி மனிசி.

மேலைதான் எங்கட வீடு, ஓடினன். வீட்டிலை ஐஸ் இல்லை. நவமணி, தமிழ்க் கடையிலை வாங்கின உறைஞ்ச முருங்கைக்காய்ப் பைக்கற் ஒண்டைத் துவாயிலை சுத்திக்கொண்டு தானே இறங்கி வந்து, கைச்சோவின்ர தலையிலை வைச்சு அமத்தினா. "இந்தக் குழாயை உயத்தச் சொல்லி இவருக்கு எத்தினைதரம் சொன்னனான்" எண்டு அவருக்குத் தமிழிலை முறைப்பாடும் சொன்னா. அவர் தலையாட்டினார்.

பிறகு சிரிக்கத் தொடங்கினார். முருங்கைக்காயும் சேந்து குலுங்கினது. அந்தச் சிரிப்பைக் கண்ட துணிவிலை, அவ்வளவு காலமும் வாய்க்குள்ளை வைச்சிருந்ததை நான் கேட்டன்.

"கைச்சோ, நான் கடற்கரையான். நண்டு நடையோடை வள்ளத்திலை ஒருத்தனும் நிக்கேலாது. அது உண்மையிலை என்ன?"

"சோயா சோஸ்" எண்டார்.

ஸ்தாபகருக்கு ஹோல் எடுக்க வசதி இல்லையாம். சோயா சோஸ் செய்யிற ஒருத்தற்றை களஞ்சிய அறையிலை, பீப்பாயளுக்கு நடுவிலைதான் படிப்பிச்சவராம். காலை அகட்டினால் பீப்பாயிலை இடிக்கும். இடிச்சால் முதலாளி எல்லாரையும் கலைச்சுப்போடுவார். அதாலை காலை ஒடுக்கி, பக்கவாட்டிலை. கைச்சோவின்ர ஆசிரியருக்குப் புத்தகத்திலை பீப்பாய் எண்டு எழுத வெக்கம், வள்ளம் எண்டு எழுதிப்போட்டாராம்.

"நீங்கள் திருத்தேல்லையோ?"

"இல்லை" எண்டார். முருங்கைக்காயை மற்றப் பக்கம் மாத்தி வைச்சார். "எனக்கும் வெக்கமாய்த்தான் இருந்தது."

பிறகு பையுக்குள்ளை இருந்து அங்கீகாரப் பத்திரத்தை எடுத்தார், ஆனால் கையெழுத்து வைக்கேல்லை. "உம்மட்டைப் படிச்சவை சரியாய்ச் செய்யினம். குனியச் சொன்னது பிழையில்லை. கேட்ட ஆளுக்குப் பொய் சொன்னதுதான் பிழை. பட்டி எடுத்த பதினொரு பேருக்கும் நீரே ரெலிபோன் எடுத்துச் சொல்லும். முடிஞ்சாப் பிறகு எனக்கு எழுதும். நானும் புத்தகத்தைத் திருத்துறன்."

8. பதினொரு ரெலிபோன்

ஸ்டைனுக்கு முழுக்கதையும் தெரியும். எண்டாலும் "எனக்கும் முறைப்படி சொல்லுங்கோ" எண்டு ரெலிபோனைக் காதிலை வைச்சுக்கொண்டு, எனக்கு முன்னாலையே இருந்து கேட்டார். ரெண்டு பேர் விழுந்து விழுந்து சிரிச்சவை. ஒருத்தர் கோவத்திலை ரெலிபோனை வைச்சிட்டார், அடுத்த நாள் அவரே திருப்பி எடுத்தவர். இன்னொருத்தர் "அப்ப அந்தக் குதிரையும் பொய்யோ?" எண்டு பாவமாய்க் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு ஏச்சிலும் பாக்க நொந்தது.

ராண்டியைக் கடைசிக்கு வைச்சனான். ரெண்டு நாள் ரெலிபோனை எடுக்கிறதும் வைக்கிறதுமாய்த் திரிஞ்சன். பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறவ, என்ர பொய்யைத் தானும் படிப்பிச்சிருப்பா. கடைசியிலை எடுத்து, ஒரே மூச்சிலை சொல்லி முடிச்சன்.

"அன்ரன், அண்டைக்கு நான் குழாயைப் பாத்துப்போட்டுத்தான் கேட்டனான்" எண்டா.

"பிறகேன் ஓஸ் எண்டு சொன்னனீங்கள்?"

"குழாய் எண்டு சொல்லுவியள், எல்லாரும் சிரிப்பம் எண்டு நினைச்சன். நீங்கள் தடி எண்டியள். அத்தினை பேருக்கு முன்னாலை உங்களை வெக்கப்படுத்த மனம் வரேல்லை."

"அப்ப உங்கட பிள்ளையள்?"

"இஞ்சை ஒருத்தரும் குனியிறேல்லை. எங்கட ஹோலிலை குழாய் இல்லையே" எண்டா. பிறகு, "ரெலிபோன் எடுத்தது நல்லது. கொஞ்சம் பிந்தீட்டுது" எண்டா.

ரெலிபோனை வைச்சிட்டுக் குசினியிலை இருந்து அழுதனான். நவமணி தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சிட்டுப் போனவ.

கையெழுத்து வைச்ச பத்திரம் தபாலிலை வந்தது. பதினொரு பட்டியும் செல்லும். கூடவே புதுப் புத்தகம், அதிலை வள்ளம் இல்லை, பீப்பாய் கிடக்கு. கார்த்திக் முப்பத்தொராவது ஸ்லைட்டைத் திருத்தி, குழாயையும் சேத்துப் படம் போட்டார். பன்னிரண்டாவது கறுப்புப் பட்டி அவருக்கு. ஓய்வெடுக்க முதல் நான் வக்த்மெஸ்தராய்ப் போட்ட கடைசிக் கையெழுத்து, குழாய் இடைஞ்சல் எண்டு. இப்ப அது கூரையோடை ஒட்டிப் போகுது.

படிப்பிக்கப் போற உங்களுக்கு நான் சொல்லுறது இவ்வளவுதான். ஆராவது ஏனெண்டு கேட்டால், அந்த ஆள் ஏற்கனவே மேலை பாத்துப்போட்டுத்தான் கேக்குது எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ. தெரிஞ்சதைச் சொல்லுங்கோ. தெரியாட்டித் தெரியாது எண்டுங்கோ.

போன கிழமை பங்கருக்கை வகுப்பு. இருபத்தேழாவது அடியிலை எல்லாரும் நிமிந்து எழும்பிச்சினம். புதுசாய்ச் சேந்த ஒரு பெண், "சென்செய் மட்டும் ஏன் குனியிறார்?" எண்டு கார்த்திக்கைக் கேட்டா. கார்த்திக் என்ர பக்கம் கையைக் காட்டினார். வகுப்பு முழுக்க என்னைப் பாத்தது.

"முந்தி இதிலை ஒரு குழாய் இருந்தது" எண்டன். "அது எனக்கு முட்டவும் இல்லை."